முப்பத்தொரு காதுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகமாக இருக்கிறோம், வாய் அதைவிடச் சுகமாக இருக்கிறது, அது உனக்கே தெரியும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினாயே, அதில் பாதிதான் எனக்குக் கேட்டது. கேட்ட பாதியே போதும் போல இருந்தது. வீடியோ பார்த்தேன் என்றாய், அவமானமாக இருக்கிறது என்றாய், "அப்பாவை நினைச்சுப் பாத்தியா" என்றாய், ஓவியப் பள்ளி முதல்வருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றாய். நான் திரும்பத் திரும்ப "என்ன? என்ன?" என்று கேட்க, நீ அலுத்துப்போய் "ஒண்ணுமில்லம்மா, விடு" என்று வைத்துவிட்டாய். ஒன்றுமில்லை என்று விடுகிற விஷயமா இது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த வீடியோ மொத்தம் ஒரு நிமிடம் சொச்சம், அதில் உன் அம்மா கத்துவது மட்டும்தான் இருக்கிறது, முன்னால் நடந்ததும் இல்லை, பின்னால் நடந்ததும் இல்லை. முழுவதையும் சொல்கிறேன், படித்துவிட்டு அவமானப்படலாமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

மில்லை விட்டு வந்த பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நான் ஓவியப் பள்ளியில் சேர்ந்தது உனக்குத் தெரியும். வாரத்தில் மூன்று மதியம், இரண்டு வருடப் படிப்பு. வகுப்பில் பதினாறு பேர், என்னைத் தவிர எல்லோரும் உன் வயது, சிலர் உனக்கும் தங்கை வயது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். இப்போது யாரும் எழுந்திருப்பதில்லை, என் ரப்பரைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள், அந்த அளவுக்கு ஆகிவிட்டது. வருடக் கடைசியில் கண்காட்சி. எல்லோருக்கும் ஒரே தலைப்பு, அவரவர் மனதில் பட்டபடி செய்யலாம் என்று பலகையில் ஒட்டினார்கள். தலைப்பு 'அமைதி'. ஒருத்தி வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைத்தாள், கிட்டே போனால்தான் அதில் ஏதோ இருப்பதே தெரியும். ஒருவன் கண்ணாடிப் பெட்டிக்குள் அணைத்த போனை வைத்துப் பூட்டினான். வகுப்பில் ஒரு பெண்ணை நான் கண்ணாடிக்காரி என்று கூப்பிடுவேன், அவள் ஆஸ்பத்திரி வராந்தா ஒன்றை ஆளுயரத்துக்கு வரைந்தாள், காலி நாற்காலிகள் வரிசையாக, கடைசி நாற்காலியில் மட்டும் ஒரு சட்டை மடித்து வைத்திருக்கும். நான் என்ன வரைந்தேன்? ஏரி. கரையில் ஒரு மரம், மேலே நாலு பறவை. டீச்சர் வந்து பார்த்துவிட்டு "இந்த ஏரி எங்கம்மா இருக்கு?" என்றாள். "காலண்டர்ல" என்றேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த அமைதி எது? இடது காதில் ஒன்றும் கேட்காது, வலது காதில் பாதி கேட்கும், ஆனால் இரண்டு காதுக்குள்ளும் ஒரு விசில் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. வெளியே உலகம் அடங்கிவிட்டது, உள்ளே தறி இன்னும் ஓடுகிறது. இருபத்தாறு வருடம் அந்தத் தறிக்கூடத்தில் நின்றதற்கு எனக்குக் கிடைத்த அமைதி இது. இதைப் போய் ஏரியும் மரமும் போட்டு மூடுகிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

மறுநாளே ஒரு கட்டுக் காகிதத்தையும் கரித்துண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என்னோடு தறிக்கூடத்தில் நின்றவர்களில் இந்தப் பக்கத்தில் இருக்கிற முப்பது பெண்களைத் தேடிப் பிடித்தேன். இரண்டு மாதம் அலைந்தேன். வீட்டுக்கு வீடு போய் உட்கார்ந்து, "உன் காதைக் காட்டு, வரையணும்" என்றேன். முதலில் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்தார்கள். ஒருத்தி முகம் கழுவி, தலை வாரி, புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், காது மட்டும்தான் என்றதும் அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. காது வரைவது லேசுப்பட்ட வேலை இல்லை, கண்ணு. மூக்கை ஒப்பேற்றிவிடலாம், வாயை ஒப்பேற்றிவிடலாம், காதுக்குள் இருக்கிற அந்த மேடும் பள்ளமும் ஆளுக்கு ஒரு மாதிரி. கை அளவு காகிதத்தில் ஒரு காது. கீழே இரண்டு வரி எழுதினேன். தறிக்கூடத்தில் எத்தனை வருடம், இப்போது எது கேட்கவில்லை, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம், மழை. பத்தொன்பது வருடம், பேத்தி பேசின முதல் வார்த்தை. முப்பத்தொரு வருடம், வாசல் மணி. ஒருத்தி, "அவரு பாத்ரூம்ல விழுந்து கூப்பிட்டிருக்காரு, நான் அடுத்த ரூம்ல துணி மடிச்சிட்டு இருந்தேன்" என்றாள். 'இருபத்தைந்து வருடம், கணவர் கூப்பிட்டது' என்று எழுதி அவளிடமே காட்டினேன், தலையை ஆட்டினாள். பட்டாசு மட்டும் வழக்கம்போல. அவளை உனக்கு நினைவிருக்கும், எனக்கு அடுத்த தறியில் நின்றவள், பேசினால் வெடிக்கும், அதனால் அந்தப் பெயர். "எனக்குக் கேக்காதது என் மாமியார் பேச்சு. அது ஒண்ணுதான் அந்த மில்லு எனக்குப் பண்ண நல்ல காரியம், அதையும் எழுது" என்றாள். எழுதினேன். முப்பத்தொன்றாவதாக என்னுடைய காது, இரண்டு கண்ணாடியை எதிரெதிரே வைத்து, கழுத்து சுளுக்கிக்கொள்ள வரைந்தேன். அதன் கீழே என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும், வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது. 'இருபத்தாறு வருடம், மகள் மெதுவாகப் பேசுவது.' நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்தில் என் முந்தானையைப் பிடித்து இழுத்து "கத்தாதம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாய். எனக்குத் தெரிந்து நான் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை, நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும். அன்றைக்கு ஏன் என்று உனக்குச் சொல்ல எனக்கும் தெரியவில்லை, தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். இப்போது தெரிகிறது. இனிமேல் குனிவதாக இல்லை.

படங்களை மாட்டியதும் வகுப்பில் எல்லோரும் வந்து பார்த்தார்கள், டீச்சர் முப்பத்தொன்றையும் ஒன்றுவிடாமல் படித்துவிட்டு என் தோளைப் பிடித்துவிட்டுப் போனாள். வினை முதல்வர் ரூபத்தில் வந்தது. கண்காட்சி நடக்கிற கூடத்தைக் கட்டிக் கொடுத்ததே எங்கள் மில்தான், வாசலில் கல்வெட்டு இருக்கிறது, திறந்து வைக்க வருவதும் மில் மேனேஜர்தான். முதல்வர் என்னைக் கூப்பிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார், "படம் பிரமாதம்மா, படம் அப்படியே இருக்கட்டும், கீழ இருக்கற எழுத்தை மட்டும் எடுத்துருவோம், ஓவியம் தானா பேசணும் இல்லையா" என்று. "எழுத்தை எடுத்துட்டா அது காது டாக்டர் கடை விளம்பரம் மாதிரி இருக்கும் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மேனேஜர் உன் அப்பாவைக் கூப்பிட்டு, வீட்டில் சொல்லிப் புரிய வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். உன் அப்பா ஸ்டோர் கிளார்க்காக அங்கே இன்னும் இரண்டு வருடம் ஓட்ட வேண்டும், அது எனக்குத் தெரியாதா? அவர் வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, சொல்ல வந்ததை என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். பார்க்காமல் சொன்னால் எனக்குப் புரியாது, திரும்பி என்னைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். திரும்பினார். "ரெண்டு வரி எழுத்துதானே, எடுத்துட்டா என்ன" என்றார். நான் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "என்னங்க, அந்த மஞ்சள் டப்பாங்க இன்னும் ரெண்டாவது அலமாரியிலதான் இருக்கா?"

அது என்ன டப்பா என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். காதில் வைத்துக்கொள்கிற அடைப்பான். தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டியது. மில்லில் இருந்தது, இல்லாமல் இல்லை. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் காலையில் ஸ்டோரிலிருந்து வரும், எல்லோரும் வைத்துக்கொள்வோம், அவர் காரில் ஏறியதும் ஒரு கூடையில் திரும்பப் போட்டுவிட வேண்டும். எடுத்துக் கொடுத்ததும் எண்ணித் திரும்ப வாங்கி வைத்ததும் உன் அப்பா. மேலே சொன்னார்கள், அவர் செய்தார். என் காதுக்கு வந்ததையும் அவரேதான் திரும்ப வாங்கினார். இத்தனை வருடத்தில் இதை நாங்கள் ஒரு தடவை கூடப் பேசிக்கொண்டதில்லை. நான் கேட்டதும் அவர் முகம் போன போக்கு. எழுந்து போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவினார். நீ அவரைக் கோபிக்காதே, நானே கோபிக்கவில்லை. அவருக்கு வயிறு இருந்தது, வீட்டில் நீ இருந்தாய். ஆனால் எழுத்தை எடுக்கச் சொல்லி அவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

திறப்பு விழா பதினொரு மணிக்கு. நான் பத்து மணிக்கே போனேன். என் சுவர் காலி. ஆணி மட்டும் முப்பத்தொன்று, வரிசையாக. நடுவில் மில் கட்டடத்தின் பெரிய போட்டோவை ஒரு ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், பக்கத்தில் பூச்செண்டு. படங்களெல்லாம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சாமான் அறையில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் கிடந்தன, உடைந்த ஸ்டூலுக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் நடுவில். டீச்சர் என்னைப் பார்த்து அழுதுவிட்டாள், காலையில் வரும்போதே இப்படித்தான் இருந்தது என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, உள்ளங்கால் மட்டும் கொதித்தது. அப்போது பார்த்து வாசலில் ஒரே இரைச்சல். என்னுடைய ஆட்கள் வந்துவிட்டார்கள். தங்கள் காதைப் பார்க்கக் கிளம்பி வந்தவர்கள், முப்பது பேரில் இருபத்துநாலு பேர், சிலர் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி வாக்கரோடு. 'அமைதி' என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்றுகொண்டு இருபத்துநாலு செவிட்டுப் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி நலம் விசாரித்தால் எப்படி இருக்கும், யோசித்துக்கொள். காலிச் சுவரைப் பார்த்ததும் சத்தம் நின்றது. பட்டாசு என்னிடம் வந்து வாயைத் திறக்காமல் உதட்டை மட்டும் அசைத்து "எங்க?" என்றாள். தறிக்கூடத்தில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம், அங்கே கத்தினாலும் கேட்காது என்பதால் உதட்டைப் பார்த்தே படித்துக்கொள்வோம், இருபது தறி தள்ளி நின்றும் ஊர் வம்பு ஒன்று விடாமல் பேசியிருக்கிறோம். நானும் உதட்டால் "படிக்குக் கீழ" என்றேன். அவள் நேரே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியும் குனிந்து தன் காது எது என்று தேடி எடுத்தாள், எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் ஆணிக்கு நேராக நின்று நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். வாக்கர்காரிக்கு மருமகள் பிடித்தாள். நான் கடைசியில் என்னுடையதை எடுத்துக்கொண்டு நின்றேன். வராதவர்களுடைய ஆறு படம் பெட்டியிலேயே கிடந்தது.

மேனேஜர் வந்தார், கூட மில் ஆட்கள் ஏழெட்டுப் பேர், அதில் உன் அப்பாவும் ஒருவர், வரச் சொல்லி உத்தரவு. எங்களைப் பார்த்ததும் முதல்வர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ரிப்பன் வெட்டினார்கள். மேனேஜர் மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அமைதி என்பது எவ்வளவு உயர்ந்தது என்று மெல்லிய குரலில் ஏதோ பேச ஆரம்பித்தார். வரிசையிலிருந்து ஒருத்தி "கேக்கலை சார், சத்தமா!" என்றாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கவில்லை, அவர் கையிலிருந்த தாளைப் பார்த்துக் குனிந்தபடி பேசியதால் உதடும் தெரியவில்லை. அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். "இன்னும் சத்தமா!" என்றார்கள் நாலு பேர். பாவம், அமைதியைப் பற்றி அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்த வேண்டியதாகிவிட்டது. வந்திருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவருக்குச் சுருக்கென்று ஆகியிருக்க வேண்டும், பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு முதல்வர் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். கூடத்தில் இருந்த யாருக்கும் அது கேட்கவில்லை. நாங்கள் இருபத்தைந்து பேரும் படித்துவிட்டோம். பட்டாசு, மில் வாசல் வரைக்கும் கேட்கிற குரலில், அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள், "இந்தச் செவிட்டுக் கிழவிங்கள யாருய்யா உள்ள விட்டது!" கூடமே திரும்பியது. மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை, மறுபடி முதல்வரிடம் ஏதோ சொன்னார், அதையும் அவள் படித்தாள், "இவளுக்கு எப்படிக் கேட்டுச்சு!" அப்புறம்தான் நான் பேசினேன். அந்த இடத்திலிருந்துதான் உன் வீடியோ ஆரம்பிக்கிறது. "கேக்கலை சார், கேக்காமப் பண்ணது நீங்கதான். காது போச்சு, கண்ணு இருக்கு, உங்க கிட்ட வேலை பாத்து இதைத்தான் கத்துக்கிட்டோம். நீங்க சொல்றது எல்லாம் எங்களுக்குத் தெரியும், எப்பவும் தெரிஞ்சுதான் இருந்தது" என்றேன். ஆமாம், கத்தித்தான் சொன்னேன்.

வீடியோ எடுத்தவர் என்னைப் பார்த்தே பிடித்துக்கொண்டிருந்தார், அதனால் உனக்கு மறுபக்கம் தெரியவில்லை. மில் ஆட்கள் நின்ற கூட்டத்திலிருந்து உன் அப்பா வெளியே வந்தார். எனக்கு ஒரு நொடி பகீர் என்றது, என்னை இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியிடம் போய்க் குனிந்து, மிச்சமிருந்த ஆறில் ஒன்றை எடுத்தார். அது யாருடைய காது என்று அவருக்குத் தெரியாது, மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பெயரைத் தேடினார், பெயர் இல்லை என்றதும் கீழே இருந்த இரண்டு வரியைப் படித்தார். படித்துவிட்டு வந்து என் பக்கத்தில் சுவரோரம் நின்று, மற்றவர்களைப் போலவே நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். மேனேஜர் அவரைப் பார்த்த பார்வைக்குக் கல்லும் பொசுங்கியிருக்கும். இவர் நேராக எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றார். அப்பாவை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டாயே, நான் அவரைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் ஆகி முப்பத்துநாலு வருடத்தில் அந்த மனிதர் எனக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

எல்லாம் எனக்கு வெற்றி என்று நினைத்துவிடாதே, அப்படிச் சொன்னால் அது பொய். மேனேஜர் கிளம்பிப் போனதும் கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டது, கண்ணாடிக்காரி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "ஆன்ட்டி, எங்க அப்பா அம்மா இன்னைக்குத்தான் முதல் தடவையா என் படத்தைப் பாக்க வந்தாங்க. ஒருத்தர் கூட அந்தப் பக்கம் வரலை. நீங்க பண்ணது சரிதான், ஆனா எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது" என்றாள். மறுநாள் எங்கள் ஆட்களில் வர முடிந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் அவளுடைய வராந்தாப் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன், அவளையும் அவள் பெற்றோரையும் வரவழைத்திருந்தேன். கணவர் கூப்பிட்டது கேட்காமல் போனவள் அந்தக் கடைசி நாற்காலியையும் மடித்த சட்டையையும் பார்த்துக்கொண்டே நின்றாள், நகரவே இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரியின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டாள். இப்போது அந்தப் பெண் என்னோடு பேசுகிறாள், முன்பு போல இல்லை, ஆனால் பேசுகிறாள். என் படங்களை டீச்சரே தன் கையால் திரும்ப மாட்டினாள், எழுத்தோடு. முதல்வர் பார்த்தும் பார்க்காதது போல் போனார், ஏனென்றால் அதற்குள் வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டது. கண்காட்சி நடந்த பத்து நாளும் அந்த வரிசை இருந்தது.

உன் அப்பாவை ஸ்டோரிலிருந்து எடுத்துப் பின் பக்கத்துப் பழைய இரும்புக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். நான் துடித்துப் போனேன். அவர் "அங்க காத்து நல்லா வருது" என்கிறார், கூடவே ஒரு தொப்பியும் வாங்கி வைத்துக்கொண்டார், இந்த வயதில் அது அவருக்கு நன்றாகவே இருக்கிறது. வீடியோவைப் பார்த்துவிட்டு அரசாங்க அதிகாரிகள் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் மில்லுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள், காது அடைப்பான் எங்கே என்று கேட்டபோது உன் அப்பா கிடங்கிலிருந்து நடந்து வந்து அந்த மஞ்சள் டப்பாக்களைத் தானே காட்டினாராம். இப்போது எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள், இதுவரை திரும்ப வாங்கவில்லை. எனக்கு முதல்வர் கொடுத்த கடிதம் மேஜையில் இருக்கிறது, விழாவின் கண்ணியத்தைக் குலைத்ததற்கு எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தால் சான்றிதழ், இல்லாவிட்டால் இல்லை. நீ சொன்னது போல எழுதிப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன், பொய் சொல்ல மாட்டேன், உனக்காக உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினேன். அடுத்த வார்த்தை வரவில்லை. எதற்காக வருத்தப்பட வேண்டும், சத்தமாகப் பேசியதற்கா, என் சத்தத்தை இப்படி ஆக்கியது யார்? கடைசியில் 'என் படங்களைப் படிக்கட்டுக்குக் கீழே போட்டதற்கு உங்கள் கடிதத்தை எதிர்பார்க்கிறேன்' என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். சான்றிதழ் வராது. வராவிட்டால் போகட்டும், கரித்துண்டு என் கையில்தான் இருக்கிறது. நீ இதற்காக முதல்வருக்கு அங்கிருந்து போன் கீன் போட்டு எனக்காகப் பேசாதே, சொல்லிவிட்டேன், பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

முந்தாநாள் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். கடைக்குப் போய்விட்டு மில் வாசல் வழியாக வந்தேன், காலை ஷிப்ட் விட்ட நேரம். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஒரு பெண் கூட்டத்தை விட்டு என் பின்னாலேயே ஓடி வந்தாள், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும், நான் முன்பின் பார்த்ததில்லை. மூச்சு வாங்க என் முன்னால் நின்று, தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டி, "அம்மா, என் காதையும் வரைங்க" என்றாள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன், கடைப் பையிலிருந்த காகிதத்தைக் கிழித்து அதன் பின்பக்கத்திலேயே வரைந்தேன். எத்தனை வருடம் என்று கேட்டேன், ஒன்றரை என்றாள். என்ன கேட்கவில்லை என்று கேட்டேன். அவள் என் பக்கம் நன்றாகத் திரும்பி, நான் படிக்க வசதியாக ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள், "இன்னும் எல்லாமே கேக்குதும்மா. அதனாலதான் இப்பவே வரையச் சொல்றேன்." அந்தப் படத்துக்குக் கீழே 'ஒன்றரை வருடம், எல்லாம் கேட்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, நேரே நடந்து போய், மில் கேட்டில் ஷிப்ட் நேரம் எழுதி வைத்திருக்கிற பலகையின் நடுவில் ஒட்டிவிட்டு, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். இன்று காலை வரை அது அங்கேதான் இருக்கிறது, பக்கத்தில் இன்னும் நாலு பேர் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள், வரைவதற்கு.

நீயும் மாப்பிள்ளையும் நூறாயுசாக, ஒருவருக்கொருவர் பக்கத்தில் நிற்கிறவர்களாக இருக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று போன மாதமே சொன்னாய், இன்னும் காட்டவில்லை என்றால் இந்த வாரமே போய்க் காட்டிவிடு, தள்ளிப்போடாதே. வலியைப் பொறுத்துக்கொண்டு இருப்பது ஒரு பெருமை இல்லை, நம் வீட்டில் அதைப் போதுமான அளவு செய்தாகிவிட்டது.

என்றும் அன்புடன்,
உன் அம்மா